கால் பார்க்கும் செல்லியம்மா

இடது கை குதிகாலைக் கீழிருந்து ஏந்தியிருந்தது. வலது கையின் கட்டைவிரல் அதன் விளிம்பை அழுத்திக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிற்று. வெடிப்பு இருக்கும் இடங்களில் நின்றது. நின்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தி, வலிக்கிற இடம் எது, வெறும் தோல் பிளந்த இடம் எது என்று பிரித்துக்கொண்டது. அரைமணி வெந்நீரில் ஊறிய தோல் வெளுத்துத் தடித்திருந்தது. பிறகு கத்தி வந்தது. தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் நீளத்துக்குக் குறுகிவிட்ட பழைய சவரக்கத்தி. அதைப் படுக்கவைத்து, கைகள் வெடிப்பின் இரண்டு ஓரங்களையும் சீவின. நான்கு சீவலுக்கு ஒருமுறை கத்தி நின்றது, கட்டைவிரல் மறுபடி பார்த்தது. ஓரங்கள் தணிந்ததும் உடைந்த ஓட்டுத்துண்டால் தேய்த்துவிட்டு, நல்லெண்ணெயும் மெழுகும் குங்கிலியமும் காய்ச்சிய களிம்பை வெடிப்புக்குள் அழுத்தின. ஒரு பானைச் சோறு வெந்து வடிக்கிற நேரம் ஆயிற்று, ஒரு குதிகாலுக்கு.

"அவ்ளோதானா? நடுப்பாதம் அப்பிடியே கெட்டியா கீதே" என்றார் காலுக்குச் சொந்தக்காரரான சின்னசாமி. எழுபது வயது விவசாயி.

"அது ஒங்க செருப்பு. அத்தையும் சீவிட்டா நாளைக்கு அறுத்த நெல்லுத் தாளு மேல இன்னாத்தப் போட்டுக்கினு நடப்பீங்க? எய்ந்து நடங்க, பாக்கறேன்."

சின்னசாமி கோலை ஊன்றிப் பத்தடி போய்த் திரும்பினார்.

"கோலு எந்தக் கையில கீது?"

"சோத்துக் கையில."

"நோவு?"

"சோத்துக்கைப் பக்கத்து முட்டியிலதான். அதனாலதான் அந்தப் பக்கம் ஊனிக்கினு போறேன்."

"பீச்சாங்கையில மாத்துங்க."

"பீச்சாங்கையில கோலு புடிச்சிக்கினு போனா எதுர்ல வர்றவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நீங்க விழுந்தா தூக்கிவுட அவன் வரமாட்டான்."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றிப் பிடித்தார். ஏரிப் படித்துறையின் கோடி வரை போய் வந்தார். முட்டியில் இறங்கிய பாரம் பாதியாகக் குறைந்தது அவர் முகத்தில் தெரிந்தது. அடுத்த வாரம் இடது கையில் கோலோடுதான் வந்தார்.

அந்தக் கைகளுக்கு உரியவர் செல்லியம்மா. புத்தூரில் நாவிதர் குடும்பத்தில் பிறந்து, சத்தியவேட்டில் அதே தொழில் செய்யும் சம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். அந்தக் குடும்பங்களில் ஆண்கள் சவரம் செய்வார்கள், பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். செல்லியம்மாவும் பதினான்கு வருஷம் பிரசவம் பார்த்தார். கத்தியைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்கும் பழக்கம் புத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடமிருந்து வந்தது. மற்றதெல்லாம் அவரே பார்த்துப் பார்த்துக் கற்றது.

கால் பார்க்கத் தொடங்கியது திருப்பதியில். புரட்டாசி மாதம் முழுக்க சம்பத்துக்கு அங்கே முடியிறக்கும் வேலை இருக்கும். கூடப் போன செல்லியம்மா மலையடிவாரத்தில் உட்கார்ந்து படி இறங்கி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏறும்போது கோவிந்தா சொல்லிக்கொண்டு போன வயதானவர்கள், இறங்கும்போது சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினார்கள். மலையில் செருப்புப் போடுவதில்லை. ஒருநாள் ஒரு கிழவி கடைசிப் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பெருவிரல் நகம் வளைந்து சதைக்குள் போயிருந்தது. செல்லியம்மா புருஷன் பெட்டியிலிருந்து நகம் வெட்டும் சிறிய உளியை எடுத்து வந்து, ஓரத்தை நறுக்கி எடுத்து, நகத்துக்கும் சதைக்கும் நடுவில் பஞ்சுத்திரி ஒன்றைச் செருகிவிட்டார். கிழவி எழுந்து நின்றாள். பிறகு நடந்தாள். பிள்ளை பிறந்த வீடுகளில்கூட அப்படி ஒரு முகத்தைச் செல்லியம்மா பார்த்ததில்லை.

"நான் தல, நீ காலு. நடுவுல இருக்கறத டாக்டருங்க பாத்துக்கட்டும்" என்றார் சம்பத்.

முதல் வருஷத்தில் ஒரு தப்பு நடந்தது. தலையை மழிக்கிற வீட்டுப் பெண் என்பதால் மழமழவென்று இருப்பதுதான் நல்ல வேலை என்று நினைத்துவிட்டார். வரதய்யபாளையத்தில் ஒரு விவசாயியின் இரண்டு பாதங்களையும் குழந்தைப் பாதம்போல இழைத்து அனுப்பினார். மறுநாள் அறுப்பு. அந்த மனிதர் நெல் தாளில் காலை வைத்ததும் அலறிக்கொண்டு வரப்பில் ஏறிவிட்டார். ஐம்பது வருஷமாக நடந்து நடந்து அவர் சேர்த்துவைத்த தோல் அது. செல்லியம்மா சமாதானம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அறுப்பு முடியும் வரை அவருக்குப் பதிலாகத் தாமே கதிர்க்கட்டுச் சுமந்தார். அதன் பிறகு அவர் கத்தி எந்தப் பாதத்தின் நடுவிலும் யோசிக்காமல் இறங்கியதில்லை.

நாளடைவில் சுற்றுவட்டாரத்தில் ஐந்து ஊர்களுக்கு முறைவைத்துப் போனார். செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டமாட்டார்கள் என்பதால் அந்த நாட்களில் போவதில்லை. ஏரிப் படித்துறையில் பத்துப் பன்னிரண்டு வயதானவர்கள் காலை நீட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவரவர் குண்டானும் எண்ணெயும் அவரவரே கொண்டுவர வேண்டும், ஒருவர் கால் நனைந்த தண்ணீர் இன்னொருவர் காலில் படக்கூடாது. கத்தி ஒவ்வொரு காலுக்கும் கொதிநீரில் விழுந்து எழும். யாராக இருந்தாலும் முதலில் இருபதடி நடந்து காட்ட வேண்டும். நடையைப் பார்த்த பிறகுதான் காலைத் தொடுவார்.

இதற்குள் ராஜ்யங்கள் மாறிக்கொண்டிருந்தன. ஐம்பத்துமூன்றில் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு புத்தூரும் அந்தப் பக்கம் போயிற்று. சத்தியவேடு சென்னை ராஜ்யத்திலேயே இருந்தது. அறுபது ஏப்ரலில் திருத்தணி சென்னைக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. "ஏழு வருஷம் தாய் வூட்டுக்கு வெளிராஜ்யம் போற மாரி போனேன். இப்ப திருப்பியும் ஒண்ணாயிடிச்சி" என்று சிரிப்பார் செல்லியம்மா.

ஆனால் எல்லாருக்கும் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. அவர் முறைவைத்துப் போகும் ஊர்களில் ஒன்று கொன்றைக்குப்பம். அது ஆந்திராவில் சேர்ந்தது. அதை ஒட்டிய மேலப்பட்டு சென்னையில் நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே புதிதாக எல்லைக்கல் நட சர்வேயர் யதிராஜன் திருப்பதியிலிருந்து வந்தார். பழைய கற்களில் ஒன்றைக் காணவில்லை. ஐம்பதறுபது வருஷத்துக்கு முன் நட்ட கல். ஏரிக்குப் பின்னால் ஆள் உயரக் கோரையும் சூரைமுள்ளும் மூடிய காட்டில் எங்கோ புதைந்துவிட்டது. கல் அகப்பட்டால் கோடு அதைத் தொட்டு வளைந்து போகும். அகப்படாவிட்டால் மிச்சம் இருக்கும் இரண்டு கற்களுக்கும் நடுவே நேர்க்கோடு. நேர்க்கோடு போட்டால், கொன்றைக்குப்பத்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் தொடங்குகிற தலைப்பு மேலப்பட்டுப் பக்கம் போய்விடும். அதில் ஒரு கூடை வண்டல் எடுக்கவும் இன்னொரு ராஜ்யத்திடம் மனுக் கொடுத்து நிற்க வேண்டும்.

அந்தக் கல் நட்டபோது பார்த்தவர்களில் உயிரோடு இருந்தது ஒரே ஆள், கங்கம்மாள். எழுபது தாண்டிவிட்டது. பன்னிரண்டு வயதில், கல் நட்ட ஆட்களோடு இருந்த தகப்பனாருக்குத் தினமும் கூழ் கொண்டுபோனவள். இரண்டு வருஷமாக அவள் மாட்டுக்கொட்டகையைத் தாண்டி நடந்ததில்லை. மகன் வெங்கடரமண நாயக்கர் நான்கு ஆட்களை வைத்து அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார். அம்மாவை நடக்கவிட்டால் பிள்ளை இருந்தும் தூக்கவில்லை என்று ஊர் சொல்லும் அல்லவா?

கட்டிலின் மேலிருந்து கங்கம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு இடத்தைக் காட்டினாள். தோண்டினார்கள், இல்லை. இன்னொரு இடம், அங்கேயும் இல்லை. மூன்றாவது குழியும் வெறும் மண்.

"இன்னும் ரெண்டு ஆள் ஆழம் வெட்டுங்கப்பா. கல்லு வரலன்னாலும் கெணறாவது ஆவும்" என்றார் மேலப்பட்டுக் கோவர்த்தனன். அந்தப் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள்.

யதிராஜன் சிரிக்கவில்லை. "பரவாலேதம்மா. பதினஞ்சு நாள் கழிச்சு வருவேன். அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள கல்லைக் காட்டினா சரி. இல்லேன்னா நேர்க்கோடுதான். என் கையில வேற எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் செல்லியம்மாவின் முறை. படித்துறைக்கு வராத கங்கம்மாளைப் பார்க்க வீட்டுக்கே போனார். கிழவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"மானம் போச்சிடி செல்லி. மேலேர்ந்து பாத்தா எல்லாம் கோரையாத்தான் கீது."

"அன்னைக்கு எப்பிடிப் போனீங்க பெரியம்மா?"

"தலையில கூழுப்பானை. குனிஞ்சி பாக்க முடியுமா? கண்ணால எங்க பாத்தேன்? காலாலதான் போனேன்." சொன்னவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஏரி மதகாண்டேர்ந்து மொதல்ல மணலு. அப்பால உவரு மண்ணு, காலுல பொருபொருன்னு வரும். அப்பால சுக்காங்கல்லு, கூரா குத்தும். அதும் முடிஞ்சி, மண்ணுக்கு அடியில பாறை வரும், குளுகுளுன்னு. பாறை வந்ததும் சோத்தாங்கைப் பக்கம் திரும்புன்னு எங்க நைனா சொல்லிக் குடுத்திருந்தாரு. நெலத்துல எறக்கி வுட்டா காட்டிடுவேன்."

செல்லியம்மா அந்தக் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. இடது பெருவிரல் நகம் சதைக்குள் சுருண்டிருந்தது. வலது முன்பாதத்தில் மிளகளவு கால் ஆணி ஒன்று, கிழவி நடையை விட்டதற்கு அதுதான் காரணம். கண்ணை மூடச் சொல்லி, வேப்பங்காம்பால் பாதத்தில் அங்கங்கே தொட்டு எந்த இடம் என்று கேட்டார். கங்கம்மாள் ஒரு இடத்தையும் தவறவிடவில்லை.

"காலுக்கு உசுரு கீது" என்றார் செல்லியம்மா. "தோலுதான் மூடிக்கினு கீது."

வாசலில் நின்ற வெங்கடரமணன் குரலை உயர்த்தினார். "இன்னா, நடக்க வெக்கப் போறியா? அரை மைலு முள்ளுக்காடு. அம்மா அங்க வியுந்தா ஊரு என்னைத்தான் கேக்கும்."

"தூக்கிக்கினு போனதுக்கு ஊரு இன்னா சொல்லிச்சி நாய்க்கரே?"

அவர் வாசற்படியில் இறங்கி உட்கார்ந்தார்.

"வெறுங்காலுல நடந்தாத்தான் அவங்களுக்குத் தெரியும். பதினாலு நாளு குடுங்க. முடியாதுன்னு எனக்குத் தோணிச்சின்னா நானே வந்து சொல்லிடறேன்."

வேலை எளிதல்ல என்று செல்லியம்மாவுக்குத் தெரியும். தோல் தடியாக இருந்தால் மண்ணின் வித்தியாசம் உள்ளே எட்டாது. மெல்லியதாகிவிட்டால் சுக்காங்கல்லில் ஐம்பதடிகூடப் போக முடியாது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதற்கு அவரிடம் அளவுகோல் எதுவும் இல்லை. ஆகவே ஒன்றை உண்டாக்கிக்கொண்டார். முற்றத்தில் மணல், உமி, சரளை என்று மூன்று குவியல்களைப் பரப்பினார். கங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்று எது எது என்று சொல்ல வேண்டும். முதல் நாள் மணலுக்கும் உமிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நகத்தின் ஓரத்தை நறுக்கித் திரி வைத்தார். ஆணியை ஒரே நாளில் தோண்டாமல், ஊறவைத்து ஊறவைத்து நான்கு நாளில் எடுத்தார். பாதத்தை ஒரு நாளைக்கு ஒரு சுற்று மட்டும் சீவினார். பக்கத்து ஊர் முறைகளை முடித்துவிட்டு இரண்டு மைல் நடந்து தினமும் வந்தார். செவ்வாய் வெள்ளியில் கத்தியை எடுக்கவில்லை, அன்று நடை மட்டும். உரலைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை உட்கார்ந்து எழ வேண்டும். முற்றத்தில் முதல் நாள் முப்பதடி. ஐந்தாம் நாள் இருநூறு. கோலைக் கிழவியின் மணிக்கட்டு உயரத்துக்கு வெட்டிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் வெங்கடரமணன் ரேணிகுண்டாவுக்குப் போய்விட்டு வந்து அம்மாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். ஆசையாகத்தான் வாங்கினார். கங்கம்மாளும் ஆசையாக நாள் முழுக்கப் போட்டுக்கொண்டாள். மறுநாள் செல்லியம்மா வந்தபோது இரண்டு பெருவிரல் இடுக்கிலும் கொப்புளம்.

செல்லியம்மா அந்த இடுக்குகளை விரலால் விலக்கிப் பார்த்தார். "ரெண்டு நாளு நடையே வோணாம்" என்றார். "ரெண்டு நாளு போச்சி நமக்கு."

"நல்லதுன்னு நெனச்சிதான்..." என்று இழுத்தார் வெங்கடரமணன்.

"தெரியும் நாய்க்கரே. நானும் நல்லதுன்னு நெனச்சி ஒருத்தரு காலைக் கெடுத்தவதான். உப்புப் போட்டு வெந்நீரு வெச்சி, காலையில ஒருவாட்டி, பொழுது சாயறதுக்குள்ள ஒருவாட்டி, கொப்புளத்து மேல ஊத்துங்க. ஒடைக்காதீங்க. நான் வர்றவரைக்கும் நீங்கதான் செய்யணும்."

அவர் செய்தார். முதல் தடவை தண்ணீர் சூடு அதிகமாகி அம்மாவிடம் திட்டு வாங்கினார். "மாட்டுக்குக் கூடப் பாத்துத்தான்டா ஊத்துவ." அடுத்த தடவை தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு ஊற்றினார்.

பதினோராம் நாள் கங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மணல், சரளை, உமி என்று வரிசை மாற்றி வைத்ததையும் பிசகாமல் சொன்னாள். சரளைக்கு நடுவில் பதித்து வைத்த பலகைக் கல்லையும் சொன்னாள். செல்லியம்மா கத்தியைத் துடைத்துப் பெட்டியில் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் சீவுடி. இன்னும் நல்லாத் தெரியும்."

"வோணாம் பெரியம்மா. இதுக்கு மேல போனா நோவுதான் தெரியும். மண்ணு தெரியாது."

மிச்ச நாட்களில் களத்து மேட்டிலும் வண்டிப்பாதையிலும் வெறுங்காலோடு நடை. பதினாலாம் நாள் கங்கம்மாள் நிற்காமல் ஏரிக்கரை வரை போய்த் திரும்பினாள். செல்லியம்மா வெங்கடரமணனிடம் போய், "நடப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

பதினைந்தாம் நாள் காலை மதகண்டை இரண்டு ஊரும் கூடியிருந்தது. கட்டில் இல்லாததைப் பார்த்துக் கோவர்த்தனன், "இன்னா, பல்லக்கு ரிப்பேரா?" என்றார்.

"நடந்தே வரேன்டா. நீ பின்னாடியே வா, மூச்சு வாங்கினா சொல்லு" என்றாள் கங்கம்மாள்.

வெங்கடரமணன் அரிவாளோடு முன்னால் போய்க் கோரையை அறுத்து வழிவிட்டார். தரையைக் கிளறக்கூடாது, முள்ளை மட்டும் எடுத்துப் போட வேண்டும் என்பது செல்லியம்மாவின் கட்டளை. கங்கம்மாள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடந்தாள். செல்லியம்மா ஒரு கை தூரத்தில் பின்னால் வந்தார், பிடிக்கவில்லை. மணல் என்றாள். கொஞ்ச தூரத்தில் உவர் என்றாள். அங்கே ஒரு இடத்தில் நின்று, திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போனாள். சுக்காங்கல் வந்தபோது முகம் சுளித்தது. நூறடிக்கு ஒருமுறை செல்லியம்மா காலைத் தூக்கிப் பார்த்து, "ரத்தம் இல்ல, போங்க" என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யதிராஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கங்கம்மாள் நின்றாள். வலது காலைச் சற்றுத் தூக்கி, குதிகாலை வைத்து, பிறகு பாதத்தை முழுக்கப் பதித்தாள். இரண்டடி பின்னால் வந்து மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"பாறை வந்துடிச்சி" என்று வலப்பக்கம் திரும்பினாள். எண்ணாமல் நடந்தாள். பாறையின் விளிம்பு காலுக்கு அடியில் முடிந்து மண் தொடங்கிய இடத்தில் கோலை ஊன்றினாள். "இங்கதான் பானையை எறக்குவேன். கல்லு இதுக்கு வடக்கால, கைக்கு எட்டற தூரம்."

கடப்பாரை இறங்கியது. முழங்கால் ஆழம் வரை மண்ணின் சத்தம். அதற்குப் பிறகு வேறு சத்தம். ஆட்கள் கையால் மண்ணை வாரினார்கள். யதிராஜன் குழியில் இறங்கி, ஈரமண்ணைத் துடைத்து, தலையில் வெட்டியிருந்த குறியையும் அதன் கீழிருந்த எண்ணையும் விரலால் தடவி, கையிலிருந்த படத்தோடு ஒத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"இதே. இதேதான்" என்றார். "செயின் எடுத்துண்டு வாங்கப்பா."

வாய்க்கால் தலைப்பு கொன்றைக்குப்பத்திலேயே நின்றது. ஆட்கள் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓட, ஊர் அவர்கள் பின்னால் போயிற்று. கோவர்த்தனன் போகிற வழியில் நின்று, "நம்ம ஊருல பெரிசுங்க நாலு பேரு நடக்க முடியாம கீறாங்க, செல்லியம்மா. அந்தப் பக்கம்லாம் வருவியா?" என்று கேட்டார். "ஞாயித்துக்கெயம. குண்டானும் எண்ணெயும் அவங்களே எடுத்துக்கினு வரச் சொல்லுங்க" என்றார் செல்லியம்மா தலையைத் தூக்காமல்.

அப்போது அவர், தோண்டிப்போட்ட மண்மேட்டில் கங்கம்மாளை உட்காரவைத்து, செம்புத் தண்ணீரால் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். இடது குதிகாலில் ஒரு சூரைமுள் ஒடிந்து நின்றிருந்தது. தடித்த தோலுக்குள்ளேயே நின்றுவிட்டது, சதையைத் தொடவில்லை. ஊசியால் அதைக் கிளப்பி எடுத்து, இரண்டு பாதங்களுக்கும் எண்ணெய் தடவினார். பிறகு பக்கத்தில் அரிவாளோடு நின்ற வெங்கடரமணனைப் பார்த்தார்.

"உக்காருங்க நாய்க்கரே. நெதமும் என்னால வர முடியாது. வாரத்துக்கு ஒருவாட்டி பாக்கறேன், மத்த நாளு நீங்கதான். வெரலு இடுக்குல ஈரம் நிக்கக்கூடாது. தெனம் ஏரிக்கரை வரைக்கும் நடக்கணும், அவங்க வோணாம்னாலும் வுடாதீங்க."

"மொதல்ல கையக் கயுவச் சொல்லு. மண்ணும் கோரையுமா கீது" என்றாள் கங்கம்மாள்.

வெங்கடரமணன் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, தோள் துண்டை மடியில் விரித்தார். செல்லியம்மா அந்தக் காலைக் குதிகாலோடு ஏந்தி எடுத்து, அவர் கைகளில் வைத்தார்.